கொத்தானை வாசித்தல்: கல்லடி மணலிலிருந்து ஓர் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி வரை

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கினால், அடம்பன் கொடியின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த நூற்குவியல் ஒன்று படர்ந்து கிடப்பதைக் காணலாம். அறுந்த வலைத்துண்டு என்று எண்ணிக் கடந்து போகிறவர்களே அதிகம். அது கொத்தான்: இலையும் மண்ணில் ஊன்றிய வேரும் இல்லாமல், பிடித்த செடியின் தண்டிலிருந்து நீரையும் உணவையும் உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி. ஒட்டுண்ணிகளின் மரபணுத்தொகுதி, அதாவது அவற்றின் முழு டீ.என்.ஏ., காலப்போக்கில் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்துக்கும் விருந்துவழங்கிக்கும் (ஒட்டுண்ணி பிடித்து வாழும் உயிர்) என்ன தொடர்பு என்பதைக் கற்க, ஆய்வுகூடமோ பெரும் பணமோ இல்லாத உயர்தர மாணவர் ஒருவருக்கும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர் ஒருவருக்கும் இதைவிட நல்ல தொடக்கம் நம் மாவட்டத்தில் இல்லை என்பது என் கருத்து. ஒரு கைவில்லை, ஒரு கொப்பி, இணைய இணைப்புள்ள ஒரு கணினி ஆகியவற்றைக் கொண்டு அதைச் செய்யும் முறையை இங்கே எழுதுகிறேன். பாடநூல் பரம்பரையலகு என்று குறிப்பிடுவதை இக்கட்டுரையில் மரபணு என்றே சொல்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் கேள்வியைத் திருத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். "ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி எவ்வளவு சுருங்கியது?" என்பதே பலரும் கேட்கும் கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு, "எந்த மரபணு போயிற்று, அது செய்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு ஓர் எண் கிடைக்கும்; ஒட்டுண்ணிக்கும் விருந்துவழங்கிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் தெரிய வருவது இரண்டாவது கேள்வியால்தான். உலகில் மிகப் பெரிய மரபணுத்தொகுதிகளுள் ஒன்றைக் கொண்ட ஐரோப்பியக் குருவிச்சையான விஸ்கம் அல்பமும் ஓர் ஒட்டுண்ணியே. மனிதனின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 310 கோடி மூலச்சோடிகள் (டீ.என்.ஏ.யின் எழுத்துச் சோடிகள்) இருக்க, அதனிடம் ஏறத்தாழ 9,000 கோடி இருக்கின்றன. அவ்வளவு பெரிய தொகுதியை வைத்துக்கொண்டே, அது, உயிரணுவுக்குச் சக்தி ஆக்கும் இழைமணியின் சுவாசச் சங்கிலியில் முதற் புரதச் சிக்கலை முற்றாக இழந்துவிட்டதை 2018இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. மொத்த அளவை மட்டும் பார்த்தவருக்கு இந்த இழப்பு தெரிந்திருக்கவே முடியாது.

கடற்கரையில் செய்ய வேண்டியது

முதலில் செடியைச் சரியாக இனங்காணுங்கள். கொத்தானின் இலத்தீன் பெயர் காசித்தா பிலிபோர்மிஸ். இதே உருவத்தில் கஸ்குட்டா என்ற இன்னொரு ஒட்டுண்ணிப் பேரினம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொத்தான் வெயிலில் காய்ந்து மஞ்சளாகிவிடுவதால் இரண்டையும் நிறத்தைக் கொண்டு பிரிக்க முடியாது. நான் முதன்முறை சேகரித்தபோது நிறத்தை நம்பி முழுக் கொப்பியிலும் கஸ்குட்டா என்று எழுதி வைத்து, பின்னர் ஒவ்வொரு பக்கமாக வெட்டித் திருத்தினேன். ஆகவே பூவையும் காயையும் பாருங்கள். கொத்தானின் சிறு பூவில் இதழ்போன்ற உறுப்புகள் மும்மூன்றாக இரண்டு சுற்றில் இருக்கும். மகரந்தப்பை சிறு கதவுபோல் மேல்நோக்கித் திறக்கும். காய் பயறளவில் உருண்டு, சதைப்பற்றுடன் இருக்கும். கஸ்குட்டாவின் பூ நான்கு அல்லது ஐந்து மடல்கள் கொண்டது. காய் உலர்ந்த வெடிகனி.

கதவுபோல் திறக்கும் அந்த மகரந்தப்பை கறுவாக் குடும்பத்தின் அடையாளம். கொத்தான் உண்மையில் கறுவாவின் உறவுக்காரி. கஸ்குட்டாவோ அடம்பன் கொடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுவாவின் உறவு ஒன்று, கஸ்குட்டாவின் உறவான அடம்பனைப் பிடித்து உறிஞ்சுவதைத்தான் கல்லடி மணலில் நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இந்த இரண்டு ஒட்டுண்ணிகளும் தனித்தனியாக, ஒன்றையொன்று பாராமல், இலையை விட்டு நூலாக மாறியிருக்கின்றன. ஒரே வாழ்க்கைமுறை இரு வேறு மரபணுத்தொகுதிகளில் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதனால் ஓர் இயற்கைச் சோதனை நமக்குக் கிடைக்கிறது.

அடுத்து, விருந்துவழங்கிகளைப் பதியுங்கள். ஒரு மீற்றர் நீளமுள்ள நான்கு தடிகளால் சதுரம் அமைத்து, அதற்குள் உள்ள செடிகள் எல்லாவற்றின் பெயரையும் எழுதி, எவற்றில் கொத்தான் சுற்றியிருக்கிறது, எவற்றில் உண்மையாகவே ஒட்டியிருக்கிறது என்று இரண்டு நிரல்களில் தனித்தனியே குறியுங்கள். சுற்றுவதும் ஒட்டுவதும் ஒன்றல்ல. நூலை மெதுவாகத் தூக்கிக் கைவில்லையால் பாருங்கள்: ஒட்டிய இடத்தில் தண்டின் உட்பக்கம் வரிசையாகச் சிறு குமிழ்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் விருந்துவழங்கியின் தோலில் தட்டையாக அழுந்தி, நடுவில் ஒரு முளையை உள்ளே செலுத்தியிருக்கும். இவையே உறிஞ்சிகள். பிளேட்டால் குறுக்கே மெல்லிதாகச் சீவினால், அந்த முளை விருந்துவழங்கியின் காழ்வரை, அதாவது நீரைக் கடத்தும் இழையம்வரை, போவது தெரியும். கொத்தான் தன் தண்டிலேயே தான் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதையும் எண்ணிக்கையில் சேருங்கள், ஆனால் தனி நிரலில்.

அடம்பன், இராவணன் மீசை, சவுக்கு என்று பட்டியல் நீளும்போது, கொத்தான் ஒரே ஒரு இனத்தை நம்பி வாழும் ஒட்டுண்ணி அன்று என்பது உங்களுக்கே விளங்கும். இந்த விவரம் பின்னால் மிகவும் தேவைப்படும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றிச் செடி பிடுங்கக் கூடாது. பொதுக் கடற்கரையிலும் ஒரு கிளைக்கு மேல் எடுக்க வேண்டிய தேவை இல்லை. இனங்காண்பதில் ஐயம் இருந்தால், பூவுடன் கூடிய கிளையைப் பத்திரிகைத்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் அறிந்தவர்களிடம் காட்டலாம்.

வரிசையை இறக்குதல்

டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்தும் வேலையை நாம் செய்யப்போவதில்லை. அது ஏற்கெனவே செய்யப்பட்டு, அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. நிறுவனம் நடத்தும் ஜென்பாங்க் என்ற தரவுத்தளத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. முழு உட்கரு மரபணுத்தொகுதியைத் தொட வேண்டாம். ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையவுருமணிக்குள் இருக்கும் சிறு வட்ட மரபணுத்தொகுதியே இந்தப் பயிற்சிக்குப் போதும். அந்தக் கோப்பு கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. கையில் மிச்சமுள்ள டேட்டாவிலேயே இறக்கிவிடலாம்.

தேடுபெட்டியில் இலத்தீன் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டு, பச்சையவுருமணியின் முழு மரபணுத்தொகுதி என்பதற்குரிய சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். மூன்று வரிசைகள் வேண்டும்: கொத்தான், அதன் ஒட்டுண்ணியல்லாத உறவான கறுவா, கஸ்குட்டா இனம் ஒன்று. ஒப்பிடுவதற்குச் சுயமாக வாழும் உறவுச்செடி ஒன்று இல்லாவிட்டால், ஒரு மரபணு இழக்கப்பட்டதா அல்லது அந்தக் குடும்பத்திலேயே எப்போதும் இருந்ததில்லையா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிசையையும் இரண்டு வடிவங்களில் சேமியுங்கள். எழுத்துகள் மட்டும் உள்ள பாஸ்ற்றா வடிவம் ஒப்பீட்டுக்கு. மரபணுக்களின் பெயரும் இடமும் குறிக்கப்பட்ட ஜென்பாங்க் வடிவம் அட்டவணைக்கு. கோப்பின் பெயரில் பதிவெண்ணையும் இறக்கிய திகதியையும் எழுதி வையுங்கள். தரவுத்தளத்தில் பதிவுகள் திருத்தப்படுவதுண்டு.

கறுவாவின் பச்சையவுருமணித் தொகுதியில் ஏறத்தாழ 1,52,700 மூலச்சோடிகளும் கொத்தானில் ஏறத்தாழ 1,14,600 மூலச்சோடிகளும் இருக்கின்றன. இங்கேதான் பலர் அவசரப்பட்டு, "கால்வாசி மரபணுக்கள் போய்விட்டன" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. பெரும்பாலான தாவரங்களின் பச்சையவுருமணித் தொகுதியில் ஒரு நீண்ட துண்டு தலைகீழாக இரண்டாம் முறையும் எழுதப்பட்டிருக்கும். கறுவாக் குடும்பத்தில் அத்துண்டின் நீளம் ஏறத்தாழ 20,000 மூலச்சோடிகள். கொத்தானில் அந்த இரண்டு பிரதிகளுள் ஒன்று இல்லை. ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிகளில் ஒன்றைக் கிழித்தெறிந்தால் செய்தி குறைவதில்லை. குறைந்த 38,000இல் பாதிக்கும் மேற்பட்டது இப்படிப் போனது. உண்மையான இழப்பை மிச்சத்தில்தான் தேட வேண்டும்.

அட்டவணை

விரிதாள் ஒன்றைத் திறந்து, முதல் நிரலில் கறுவாவின் மரபணுப் பெயர்களை எழுதுங்கள். அடுத்த மூன்று நிரல்கள் மூன்று செடிகளுக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் "உண்டு", "சிதைந்தது", "இல்லை" என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். கடைசியாக ஒரு நிரலை வெறுமையாக விட்டு, அதன் தலையில் "இப்போது யார் செய்கிறார்கள்?" என்று எழுதி வையுங்கள்.

கொத்தானில் உடனே கண்ணில் படுவது என்.டி.எச். என்று தொடங்கும் மரபணுக்களின் நிலை. பச்சையவுருமணியில் இவை மொத்தம் 11. ஒளித்தொகுப்பின்போது இலத்திரன்களைச் சுழற்சியாகத் திருப்பிவிடும் ஒரு புரதச் சிக்கலை இவை ஆக்குகின்றன. கொத்தானில் இவை சிதைந்தோ இல்லாமலோ இருக்கின்றன. ஆனால் ஒளித்தொகுப்பின் நேரடி வேலைக்குரிய மரபணுக்கள் அப்படியே இருக்கின்றன. கொத்தானின் தண்டில் பச்சை தெரிவதற்கு இது பொருந்துகிறது. கஸ்குட்டாவிலோ இனத்துக்கு இனம் நிலை மாறுகிறது. கஸ்குட்டா ரிப்ளெக்சா என்.டி.எச். குழுவை இழந்தாலும் ஏறத்தாழ 1,21,500 மூலச்சோடிகளை வைத்திருக்கிறது. கஸ்குட்டா குரோனோவி, பச்சையவுருமணி தனக்கென வைத்திருந்த ஆர்.என்.ஏ. பொலிமரேசின் (மரபணுவைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதி) மரபணுக்களையும் இழந்து ஏறத்தாழ 86,700க்கு வந்துவிட்டது. ஆகவே கஸ்குட்டா என்று பொதுவாக எழுதாமல் இனப்பெயரையும் எழுதுங்கள்.

"இல்லை" என்று எழுதுமுன் ஒரு சோதனை செய்ய வேண்டும். ஜென்பாங்க் கோப்பில் ஒரு மரபணுவின் பெயர் காணப்படாதது, அந்த மரபணு இல்லாததற்குச் சான்றாகாது. பெயர் குறித்தவரின் மென்பொருள் அதைத் தவறவிட்டிருக்கலாம். அதேபோல், சிதைந்த எச்சம் ஒன்றுக்கு முழு மரபணு என்று பெயர் இடப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே கறுவாவின் புரத வரிசையை எடுத்து, வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் என்ற இணையக் கருவியின் பக்கத்தில், புரதத்தை டீ.என்.ஏ.யின் ஆறு வாசிப்புச் சட்டங்களிலும் (எழுத்துகளை மும்மூன்றாகப் பிரித்து வாசிக்கக்கூடிய ஆறு வழிகள்) தேடும் வகையைத் தேர்ந்து, கொத்தானின் வரிசைக்குள் தேடுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் "இல்லை" எனலாம். துண்டு துண்டாகக் கிடைத்தால் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும்.

சிதைவைக் கண்ணால் காணுதல்

டீ.என்.ஏ.யின் எழுத்துகள் மூன்று மூன்றாக வாசிக்கப்படுகின்றன. ஒவ்வொரு மும்மையும் ஒரு கோடோன். தமிழில் மூன்றெழுத்துச் சொற்களால் ஒரு வரி அமைத்தால் இது தெளிவாகும்: மரம், கடல், மணல், படகு. இவற்றை இடைவெளியின்றி எழுதி, மும்மூன்றாகவே பிரித்து வாசிக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வோம். இப்போது "கடல்" என்பதிலிருந்து "ட" ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் வரி இவ்வாறு ஆகிறது: மரம், கல்ம, ணல்ப, டகு. முதற்சொல் தப்பியது, அதன்பின் எல்லாம் பிதற்றல். மாறாக, "கடல்" முழுவதும் போனால், மரம், மணல், படகு என்று வரி பொருளோடு நிற்கிறது. ஆகவே ஒரு மரபணுவில் மூன்றின் மடங்காக அமைந்த இழப்பு அதைக் கொன்றிருக்க வேண்டியதில்லை. ஓரெழுத்து இழப்பு பெரும்பாலும் கொன்றுவிடும். சட்டம் பிசகிய பின் சிறிது தூரத்திலேயே தற்செயலாக ஒரு நிறுத்தற் கோடோன் வந்து, புரதம் பாதியில் அறுந்துவிடும்.

மெகா என்ற இலவச மென்பொருளில் கறுவாவின் மரபணுவையும் கொத்தானின் எச்சத்தையும் அருகருகே வரிசைப்படுத்தி, முதல் பிசகு எங்கே வருகிறது என்று எண்ணுங்கள். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, என்.டி.எச். குழுவில் ஏ, பி என்ற இரண்டு மரபணுக்களின் நடுவே இன்ரோன் (புரதமாக வாசிக்கப்படாமல் வெட்டி நீக்கப்படும் துண்டு) உண்டு. புரதத்தோடு ஒப்பிடும்போது அந்த இடத்தில் தோன்றும் பெரிய இடைவெளி இழப்பு அன்று. இரண்டாவது, தாவரப் பச்சையவுருமணியில் ஆர்.என்.ஏ. எழுதப்பட்ட பின் சில எழுத்துகள் திருத்தப்படுகின்றன. என்.டி.எச். குழுவின் டி மரபணு பல சாதாரணத் தாவரங்களிலேயே தொடக்கக் கோடோன் பிழையாக எழுதப்பட்டு, ஆர்.என்.ஏ.யில்தான் சரியாகிறது. தொடக்கக் கோடோன் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு மரபணுவுக்கு மரணச் சான்றிதழ் எழுதிவிடாதீர்கள்.

சிதைந்த மரபணுக்கள் அருங்காட்சிப் பொருள் அளவில் அபூர்வமானவை என்று எண்ண வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோய் மருத்துவமனை இருப்பது நம்மில் எல்லாருக்கும் தெரியும். அந்நோயை உண்டாக்கும் பக்ரீரியாவின் மரபணுத்தொகுதி 2001இல் வெளியானபோது, 32.7 இலட்சம் மூலச்சோடிகளுக்குள் வேலை செய்யும் புரத மரபணுக்கள் 1,604உம் சிதைந்தவை 1,116உம் எண்ணப்பட்டன. அதன் உறவான காசநோய்ப் பக்ரீரியாவிடம் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் இருக்கின்றன. மனித உயிரணுவுக்குள்ளேயே வாழப் பழகிய கிருமியை, செயற்கை ஊடகத்தில் வளர்க்க இன்றுவரை முடியாமல் இருப்பதன் காரணம் இந்த எண்களில் தெரிகிறது.

தளர்வும் தெரிவும்

இன்னும் சிதையாத மரபணுக்களிலும் ஒட்டுண்ணி வாழ்க்கையின் தடம் தெரியலாம். அமினோ அமிலத்தை மாற்றாத மாற்றங்களின் வீதத்தோடு, மாற்றும் மாற்றங்களின் வீதத்தை ஒப்பிட்டு ஒரு விகிதம் கணிக்க மெகாவிலேயே வழி உண்டு. விகிதம் ஒன்றுக்கு மிகக் கீழே இருந்தால், இயற்கைத் தெரிவு அந்த மரபணுவைக் கண்டிப்பாகக் காக்கிறது. ஒன்றை நெருங்கினால் காவல் தளர்ந்துவிட்டது. ஒன்றைத் தாண்டினால் மட்டுமே புதிய தகவமைப்பைப் பற்றிப் பேசலாம். கொத்தானில் ஒரு மரபணுவின் விகிதம் கறுவாவில் உள்ளதைவிட உயர்ந்திருக்கிறது என்பதற்காக, "விருந்துவழங்கிக்கு எதிராக வேகமாகக் கூர்ப்படைகிறது" என்று எழுதுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழை. உயர்வு பெரும்பாலும் தளர்வின் விளைவே.

விருந்துவழங்கியின் பக்கம்

இப்போது வெறுமையாக விட்ட கடைசி நிரலுக்கு வரலாம். இதை எப்படி நிரப்புவது என்பதற்குக் கஸ்குட்டாவே நல்ல முன்மாதிரி. கஸ்குட்டா ஒஸ்ரேலிஸ் என்ற இனத்தின் உட்கரு மரபணுத்தொகுதி 2018இல் வெளியானது. தாவரங்களில் பொதுவாகப் பேணப்படும் மரபணுக்களுள் 11.7 சதவீதம் அதில் இல்லை. இலை, வேர் ஆகியவற்றுக்குரியவை போனதில் வியப்பில்லை. ஆனால் எப்போது பூப்பது என்று தீர்மானிக்கும் மரபணுக்களும் பல போயிருந்தன. அப்படியானால் அது எப்படி உரிய காலத்தில் பூக்கிறது? 2020இல் விடை வந்தது: விருந்துவழங்கி பூக்கத் தயாராகும்போது ஆக்கும் சமிக்ஞைப் புரதம் உறிஞ்சிகளின் வழியே கஸ்குட்டாவுக்குள் போய், அங்கேயும் பூப்பைத் தூண்டுகிறது. பிடித்த செடி பூக்கும்போது தானும் பூக்கிறது. ஓராண்டுப் பயிரில் வாழும் ஒட்டுண்ணிக்கு, பயிர் பட்டுப்போகுமுன் விதையிட்டுவிட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அந்த மரபணுக்களின் வரிசையில், கடைசி நிரலில், "விருந்துவழங்கியின் புரதம்" என்று சான்றோடு எழுதலாம்.

போக்குவரத்து ஒருவழிப் பாதை அன்று. கஸ்குட்டா தன் குற்றார்.என்.ஏ.க்களை (மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள்) விருந்துவழங்கிக்குள் அனுப்பி அதன் மரபணுக்களை அடக்குவது 2018இல் காட்டப்பட்டது. விருந்துவழங்கிகளின் மரபணுக்களே காலப்போக்கில் ஒட்டுண்ணியின் தொகுதிக்குள் குடியேறியதும் உண்டு; கஸ்குட்டா கம்பெஸ்ரிஸிலும் அதன் உறவினங்களிலும் இவ்வாறு வந்து தொழிற்படும் 108 மரபணுக்கள் 2019இல் அறிவிக்கப்பட்டன. ஆனால் நீங்கள் பிளாஸ்டில் தேடும்போது ஒட்டுண்ணியின் வரிசை ஒன்று அவரைக் குடும்பத்தை ஒத்திருப்பதைக் கண்டால், முதலில் மாசைச் சந்தேகியுங்கள். உறிஞ்சி ஒட்டிய இடத்தில் எடுத்த மாதிரியில் இரண்டு செடிகளின் இழையங்களும் கலந்திருக்கும். அதே வரிசை, ஒட்டுண்ணிக்கே உரிய மரபணு ஒன்றின் பக்கத்தில் தொடர்ச்சியாக இருக்கிறதா, உறவினங்களிலும் இருக்கிறதா, கூர்ப்பு மரத்தில் விருந்துவழங்கிக் குடும்பத்தின் நடுவே போய் அமர்கிறதா என்ற மூன்றும் சரியாக வந்தால்தான் இடமாற்றம் என்று எழுதலாம்.

ஒட்டுண்ணியின் கூர்ப்பு மரத்தையும் விருந்துவழங்கியின் கூர்ப்பு மரத்தையும் எதிரெதிரே வரைந்து, கிளைகள் சேர்ந்து பிரிகின்றனவா என்று பார்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பை எலிகளும் அவற்றின் பேன்களும் அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கொத்தானுக்கு அதைச் செய்ய வேண்டாம். உங்கள் சதுரங்களில் எழுதிய நீண்ட விருந்துவழங்கிப் பட்டியலே அதற்கான காரணம்: யாரோடும் ஒட்டிக்கொள்ளும் ஒன்று, ஒருவரோடு மட்டும் சேர்ந்து கிளைபிரிந்திருக்க வாய்ப்பில்லை.

இறுதியாக, என்.டி.எச். குழுவின் 11 வரிசைகளுக்கும் கடைசி நிரலில் என்ன எழுதுவது? "சீனியை விருந்துவழங்கி தருகிறது, ஆகவே தேவையில்லை" என்று எழுதத்தான் கை போகும். ஆனால் இக்குழுவை ஒட்டுண்ணியல்லாத பைன் மரங்களும் இழந்திருக்கின்றன. இதைச் செயலிழக்கச் செய்த புகையிலைச் செடிகள் சாதாரண நிலையில் ஒழுங்காகவே வளர்ந்தன. நெருக்கடி நிலைகளில்தான் இதன் பயன் தெரிகிறது. நிழல் என்பதே இல்லாத கல்லடி மணலில், உச்சி வெயிலில் கிடக்கும் கொத்தான் இதை இழந்திருப்பது, வெறும் சீனிக் கணக்கால் தீரும் விடயமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த 11 கட்டங்களிலும் "விருந்துவழங்கி என்பதற்குச் சான்று போதாது" என்று எழுதி, அருகில் நீங்கள் பதிந்த செடிகளின் பெயர்களையும் இடத்தையும் திகதியையும் சேருங்கள்.